ஒன்பது பவுன் படிப்பு

பீடி இலையை நனைத்து வைத்துவிட்டேன் அக்கா, இப்போதே வெட்டாவிட்டால் ஓரமெல்லாம் சுருண்டுபோகும். கையை நிறுத்தாமலே பேசுகிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. இந்தப் பக்கமாக உட்காருங்க. அந்தப் பக்கம் புகையிலைத் தூள் பறக்கும், தும்மிக்கொண்டே இருப்பீங்க. சுளகு மடியில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும். இல்லாவிட்டால் அசலூர் ஆளைக் கண்டாலே உள்ளே போய் ஒளிந்துகொள்கிற ஆள்தான் நான். இந்த வளவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க.

வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன் என்று சொன்னீங்க. சரி. இந்த வளவில் மொத்தம் ஆறு வீடு, ஒன்றும் காலியில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்க பச்சைக் கதவு வீட்டுப் பையன் குடிப்பானா என்று கேட்டீங்க.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. நான் யாரிடமும் சொல்லமாட்டேன். சுரண்டையிலிருந்து பெண் வீட்டு ஆள் விசாரிக்க வரும் என்று எங்க மாமியார் மூன்று நாளாக வாசலை ரெண்டு நேரமும் தெளித்துக் கூட்டுகிறார். நீங்க பெண்ணுக்கு அத்தையா? மூக்கைப் பார்த்தேன். போட்டோவில் பெண்ணுக்கும் இதே மூக்குத்தான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், ஆள் தெரியாமல் பேசவைத்து ஏமாற்றினாள் என்று பேச்சு வரக்கூடாது. நான் அந்தப் பச்சைக் கதவு வீட்டு மூத்த மருமகள். முப்பிடாதி என்று பெயர். நீங்க விசாரிக்க வந்திருக்கிற நந்தகோபால் எனக்குக் கொழுந்தன். எங்க மாமியார் சுற்றின பீடிக் கட்டுகளைக் கடையில் போடப் போயிருக்கிறார், அங்கே வரிசையில் நின்று போட்டுவிட்டு வர நேரமாகும். எங்க வீட்டுக்காரர் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளா போயிருக்கிறார். பிள்ளை உள்ளே தூங்குகிறாள். கேளுங்க, என்ன வேண்டுமானாலும் கேளுங்க.

பையன் தங்கமான பையன். குடிக்கமாட்டான். சென்னையில் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வேன். புகைக்கவும் மாட்டான். எங்க வீட்டில் பீடிக்கு என்ன பஞ்சம்? அப்படியிருந்தும் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. அதிர்ந்து பேசமாட்டான். என்னை மதினி, மதினி என்றுதான் கூப்பிடுவான். சாப்பாட்டில் உப்பு இல்லை, புளி இல்லை என்று ஒரு நாள் சொன்னதில்லை. என்ன சாப்பிடுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது, அந்தக் கேமராவைத் துடைத்துக்கொண்டே சாப்பிடுவான்.

படிப்பா? பட்டம் வாங்கியிருக்கிறான் அக்கா. சும்மா இல்லை, மூன்று வருஷம் சென்னையில். சினிமாவும் போட்டோவும் எடுக்கச் சொல்லித் தருகிற படிப்பு, விஸ்காம் என்பார்கள். பட்டம் வாங்கின அன்றைக்குக் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்டு எடுத்த படம் எங்க வீட்டுக்குள் தொங்குகிறது. எங்க மாமியார் அதற்கு தினமும் பூ வைப்பார். ஒரு தடவை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் பார்த்துவிட்டு, "பாவம், எப்பம் தவறுனாவ?" என்று கேட்டுவிட்டான். அதிலிருந்து பூ வைப்பதில்லை.

சம்பளம் என்னவென்று கேட்டால் நான் எப்படிச் சொல்லுவேன். அந்த வேலைக்கெல்லாம் மாதச் சம்பளம் கிடையாதாம். சென்னையில் ஒரு டைரக்டரிடம் எட்டு மாதம் இருந்தான். அங்கே சம்பளம் கேட்பது மரியாதை இல்லையாம். மாதாமாதம் எங்க வீட்டுக்காரர்தான் இங்கிருந்து அவனுக்குச் சாப்பாட்டுக்கு அனுப்பினார். வேலை பார்க்கிற பையனுக்கு வீட்டிலிருந்து சம்பளம் போனது எங்க வீட்டில்தான்.

அப்புறம் ஊருக்கு வந்தான். பாவூர்சத்திரத்தில் செல்லையா என்று ஒருத்தர் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவர் பத்தாம் வகுப்பில் ரெண்டு தடவை கோட்டை விட்டவர். மூன்று மாடி வீடு, கார் எல்லாம் இருக்கிறது. அவர், "வாடே, நம்ம ஊர்ப் பிள்ளை, நாள் கூலி தாரேன்" என்று சேர்த்துக்கொண்டார். முதல் வேலை, மேலத்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார், அவர் படத்தைப் பெரிதாக்கி கண்ணீர் அஞ்சலி போர்டுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சட்டையை மாட்டி, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் மேகம் வைத்துக் கொடுத்தால் முடிந்தது. செல்லையா அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். நம்ம ஆள் ரெண்டு நாள் உட்கார்ந்து செய்தான். போர்டு கட்டியாயிற்று. பார்த்தால் பெரியவருக்குப் பாதி முகம்தான் இருக்கிறது. மீதி இருட்டு.

அவர் மகன்மார் நாலு பேரும் ஸ்டூடியோவில் வந்து நிற்கிறார்கள். "எங்கய்யா மூஞ்சில பாதி எங்கடே?"

"அண்ணாச்சி, அந்த இருட்டுலதான் அவரோட தனிமை இருக்கு" என்றிருக்கிறான் இவன்.

"எங்கய்யாவுக்கு ஏழு பிள்ளை, இருபத்தோரு பேரப்பிள்ளை. கக்கூசுக்குக்கூட தனியாப் போனதில்ல மனுசன். தனிமையாம்லா, தனிமை!"

செல்லையா காசைத் திருப்பிக் கொடுத்து, வேறு படம் போட்டுக் கொடுத்து, இவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்க மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "அவனுக்கு எம்மவன் படிப்பப் பாத்துப் பொறாமை."

ஆனால் அதெல்லாம் பெரிய குறை இல்லை அக்கா. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். நல்ல பையன், நல்ல குடும்பம். தாராளமாகப் பெண் கொடுக்கலாம்.

நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? எனக்கு என்ன லாபம்? சரி, லாபம் இருக்கிறதுதான். அதையும் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். எங்க மாமியார் வாக்குத் தவறாதவர் என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.

நான் இந்த வீட்டுக்குப் பதினோரு பவுனோடு வந்தேன். எங்கம்மா பீடி சுற்றிச் சேர்த்தது. சாயங்காலமானால் ஊசியில் நூல் கோக்க இன்னொரு ஆளைக் கூப்பிடுவாள், அவ்வளவுதான் அவள் கண். அந்தப் பதினொன்றில் ஒன்பது பவுன் கொழுந்தன் படிப்புக்குப் போயிற்று. முதல் வருஷம் மூன்று பவுன் சங்கிலி. ரெண்டாம் வருஷம் நாலு பவுன் ஆரம். கேமரா வாங்க வேண்டும் என்று ரெண்டு பவுன் வளையல். அடகுதான் வைக்கிறோம், திருப்பிவிடலாம் என்றார்கள். வட்டி ஏறி ஏறி, பிறகு விற்றுவிட்டார்கள்.

எங்க மாமியார் வாயைத் திறந்து கேட்கவில்லை அக்கா. கேட்டால்தானே மாட்டேன் என்று சொல்ல முடியும். என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளைக்கு நாளைக்குள்ள பீஸ் கட்டலன்னா வெளிய அனுப்பிருவானாம்" என்று அழுதார். எனக்குக் கொக்கி எட்டவில்லை என்று பின்னால் வந்து நின்று எங்க வீட்டுக்காரர்தான், பாவம், கழற்றித் தந்தார்.

அன்றைக்கு எங்க மாமியார் அம்மன் கோயில் நடையில் வைத்து என் கையைப் பிடித்துச் சொன்னார். "ஏட்டி முப்பிடாதி, உன் நகை எங்கயும் போயிராது. அவன் படிச்சு முடிச்சிட்டாம்னா வாரவ முப்பது பவுன் இல்லாமலா வருவா? படிச்ச மாப்பிள்ளைக்கு முப்பதுதான் விலை. கல்யாணத்தன்னைக்கே உனக்கு ஒம்பது பவுன எண்ணி எடுத்து வச்சிருதேன்."

ஐயோ, அப்படிப் பார்க்காதீங்க. உங்க பெண் நகையைப் பிடுங்கப்போகிறார்கள் என்று நினைக்காதீங்க. முப்பதில் ஒன்பது போனாலும் இருபத்தொன்று இருக்கிறதே. ஒரு கழுத்துக்கு அது காணாதா? என்னைப் பாருங்க, அஞ்சு வருஷமாக மஞ்சள் கயிறும் கம்மலும்தான். சொந்தத் தங்கச்சி மகன் காதுகுத்துக்குக்கூட நான் போகவில்லை. வெறும் கழுத்தோடு போனால் எங்கம்மா முகத்தில் யார் முழிப்பது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். நல்லா இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வாய் கூசியது.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். உங்களுக்கும் நல்லது, எனக்கும்...

என்ன சொன்னீங்க?

முப்பது பவுன் கேட்கவில்லையா? பத்துப் பவுன் போதும் என்றாரா? மீதிக்குக் காசா?

போன வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தபோதா? என்னை அன்றைக்குக் கூட்டிப் போகவில்லை. வெறும் கழுத்தாக வந்தால் பார்க்கிறவர்களுக்கு நல்லா இருக்காது என்றார்கள். சரி, சொல்லுங்க. எதற்குக் காசு? லென்ஸா? கேமராவுக்கு மாட்டுகிற லென்ஸுக்கும், தென்காசியில் ஸ்டூடியோ வைக்க அட்வான்ஸுக்குமா? பத்துப் பவுனும் பெண் பேரில் பேங்க் லாக்கரில்தான் இருக்கும் என்று உங்க அண்ணனுக்கு வாக்கும் கொடுத்துவிட்டாரா?

எங்க வீட்டுக்காரரும் அங்கே இருந்தாரா? அவர் என்ன சொன்னார்? தலையாட்டினாரா. அது சும்மா ஆடும் அக்கா. பெரியவர்கள் பேசினால் அவர் தலை ஆடும், அவர் குணம் அது. அவருக்குத் தெரிந்திருக்காது.

இருங்க. இலையைத் தப்பாக வெட்டிவிட்டேன். எட்டு வயசில் கத்தரி பிடித்தவள், ஒரு இலை வீணாக்கமாட்டேன். இன்றைக்கு மூன்று இலை போய்விட்டது.

தண்ணீர் வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை. நல்லாத்தான் இருக்கிறேன்.

லென்ஸ்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதை மறந்துவிடுங்க. இல்லை, மறக்கவும் வேண்டாம், ஒன்றும் பொய் இல்லை. ஆனால் மீதியையும் கேட்டுக்கொண்டு போங்க. நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்திருந்தான். கடைசியாக ஒரு படம் எடுத்துக் காட்டினால்தான் பட்டம் தருவார்களாம். என் பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயசு. இதே இடத்தில்தான் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன், அவள் மடியில் படுத்துத் தூங்குகிறாள். வந்து நின்றான்.

"மதினி, ஒரே ஒரு படம். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

எனக்குப் படம் என்றாலே வேர்த்துவிடும். ஆனால் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. சரி என்றேன். ரெண்டு எடுத்தான். கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மதினி, பொட்ட அழிச்சிருங்களேன்."

"எதுக்கு தம்பி?"

"லைட்டு பட்டு பளபளன்னு அடிக்கி. படம் கெட்டுரும்."

அழித்தேன். ஏழாம் வகுப்பு படித்தவளுக்கு லைட்டு எதில் பட்டு எங்கே அடிக்கும் என்று என்ன தெரியும்? அப்புறம் வளையலைக் கழற்றச் சொன்னான். கண்ணாடி வளையல்தான், தங்கம்தான் ஏற்கெனவே போயிற்றே. அப்புறம் கயிறு.

"அத ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிடுங்க மதினி. மஞ்சக் கலரு தூக்கலாத் தெரியி."

போட்டுக்கொண்டேன். தலையை லேசாகக் கலைத்துவிடச் சொன்னான். பிறகு, "அந்தத் தெரு முனையப் பாருங்க. யாரோ வருவாங்கன்னு பாக்க மாதிரி" என்றான்.

"யாரு வாரா?" என்று கேட்டேன்.

"யாரும் வரமாட்டாங்க மதினி. அதுதான் படம்."

எடுத்தான். சென்னையில் ஏதோ போட்டிக்கு அனுப்பினான். முதல் பரிசு, ஐம்பதாயிரம் ரூபாய். வீட்டில் கேசரி கிண்டினோம். நான்தான் கிண்டினேன். எங்க மாமியார் தெருவெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வாசலில் வேன் வந்து நிற்கிறது. பெரிய பெட்டி. உள்ளே புதுத் தையல் மிஷின், கூடவே ஒரு கடிதம். என் பேருக்குத்தான் வந்திருக்கிறது. வளவே கூடிவிட்டது. எங்க வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டில் இருந்தார், அவர்தான் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். ஒரு டீச்சரம்மா எழுதியிருக்கிறார். 'அன்புள்ள சகோதரிக்கு, கண்காட்சியில் உங்கள் படத்தைப் பார்த்தேன். இந்தச் சின்ன வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நீங்கள் படுகிற பாட்டைப் பார்த்து அன்று இரவு நான் உறங்கவில்லை.'

படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அப்புறம் சிரித்தார் பாருங்க, அப்படிச் சிரிப்பு. வேன்காரன் ஒன்றும் புரியாமல், "கையெழுத்து யாரு போடுதியோ?" என்கிறான்.

"செத்தவன்தான் போடுதேன், கொண்டாரும்" என்று வாங்கிப் போட்டார்.

வளவே சிரித்தது. எதிர்வீட்டு ராமாத்தா இருக்கிறாளே, அவள் கேட்டாள், "ஏளா முப்பிடாதி, பதினாறு கழிஞ்சிட்டா? எங்களுக்கு ஒரு வாய் சோறு போடலியே." இன்றைக்கும் எங்க வீட்டுக்காரர் வண்டி எடுத்துக் கிளம்பினால், "உம் மாப்பிள்ளை ஆவி வண்டி ஓட்டிட்டுப் போவுது" என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் கண்ணாடி முன்னால் நின்று ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்தேன். மனுஷன் உயிரோடு இருக்கும்போது என் கையாலேயே அழித்திருக்கிறேன் அக்கா. வாரத்தில் நாலு நாள் அவர் செங்கோட்டை தாண்டி மலையேறுகிறார். ஒவ்வொரு வளைவும் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சுற்றுகிறேன். இறங்கியதும் ஒரு போன் போடுங்க என்பேன். போடமாட்டார், மறந்துவிடுவார். வேலை அப்படி.

அந்த மிஷினை வைத்துத் தையல் பழகலாம் என்று ஓர் ஆசை வந்தது எனக்கு. ஒரு ஜாக்கெட்டுக்கு இருநூறு வாங்குகிறார்களே. மாமியார்க்காரி மறுநாளே, "துட்டி விழுந்த வீட்டுக்குன்னு வந்த சாமான் இங்க இருக்கப்படாது" என்று சொல்லி, ஆட்டோ பிடித்து அம்பாசமுத்திரத்துக்கு, அவள் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மகள் வீட்டில் இருக்கலாமா என்று நான் கேட்கவில்லை. என் வாய் என்றைக்குத் திறந்தது?

அவன் வந்தான் பிறகு. மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். "மதினி, படத்துக்குக் கீழ அப்படி எழுதுனது நான்தான். வெறும் படம்னா ஜட்ஜுக நின்னு பாக்கமாட்டாங்க. அது நீங்க இல்ல மதினி, ஒரு கேரக்டர்." அப்படியென்றால் மிஷின் மட்டும் ஏன் என் பேருக்கு வந்தது? ஐயாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினான். நான் எப்படிக் கை நீட்டி வாங்குவேன், கொழுந்தன் கையில்? எங்க வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அவருக்கும் பாவம், போன் உடைந்து கிடந்தது.

அந்தப் படத்தையும் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தான். கறுப்பு வெள்ளைப் படம். கேட்டீங்களா அக்கா? கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் கயிறு எப்படித் தூக்கலாகத் தெரியும்? அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. லைட்டும் இல்லை, கலரும் இல்லை. எடுக்கும்போதே என்னை அறுத்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறான்.

படத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்துவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நல்லா இருந்தது. நான் அவ்வளவு நல்லா இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நீங்க கேட்டீங்களே, அந்தப் படிப்புக்கு என்ன வருமானம் என்று. மூன்று வருஷம் படித்து அவன் கண்ட காசு அந்த ஐம்பதாயிரம் ஒன்றுதான். போன நகையும் என்னுது, விற்ற முகமும் என்னுது. பட்டம் மட்டும் அவனுது. இப்போது அந்தப் பட்டத்தைக் காட்டி உங்களிடம் லென்ஸ் கேட்கிறார்கள்.

பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்றா கேட்கிறீங்க?

கொடுங்க.

முழிக்காதீங்க, சொல்கிறேன். நீங்க வேண்டாம் என்று சுரண்டை பஸ் ஏறிவிட்டால் எனக்கு என்ன வரும்? அடுத்த வெள்ளிக்கிழமை கடையத்துக்கோ ஆலங்குளத்துக்கோ கிளம்புவார்கள், என்னை வீட்டில் விட்டுவிட்டு. அங்கே இருக்கிறவர்களுக்கு உங்களைப் போல விசாரிக்கிற புத்தி இருக்குமோ, இருக்காதோ. அதனால் சம்மதம் என்று சொல்லுங்க. நிச்சயத்துக்கு நாள் குறியுங்க. கூட்டமாக வாங்க, நாற்பது பேர், ஐம்பது பேர், வேன் வைத்து வாங்க.

உங்க பக்கமும் எங்க பக்கத்து வழக்கம்தானே? தட்டு மாற்றுவதற்கு முன்னால் சபையில் ஒரு பெரியவர் எந்திரித்து, பெண்ணுக்கு இத்தனை பவுன், மாப்பிள்ளைக்கு இன்னது என்று சத்தமாகச் சொல்வார். சொல்லிவிட்டு, வேறு பேச்சு ஏதும் உண்டா என்று மூன்று தடவை கேட்பார். யாரும் ஒன்றும் பேசமாட்டார்கள், சாப்பாட்டு வாசனை வந்திருக்கும். அந்த இடத்தில் நீங்க கேளுங்க. பெண்ணுக்கு அத்தை, உங்களுக்குக் கேட்கிற உரிமை உண்டு. 'மாப்பிள்ளை படிப்புக்கு மூத்த மருமக நகை ஒம்பது பவுன் போயிருக்காமே, அது என்னைக்கு அவ கழுத்துக்கு வரும்? அதச் சொல்லிட்டுத் தட்டத் தொடுங்க' என்று கேளுங்க. இவ்வளவுதான். வீட்டுக்குள் சொன்ன வாக்கை மாமியார்க்காரி நூறு தடவை மாற்றலாம். சபையில் ஐம்பது பேர் காதில் விழுந்ததை மாற்ற முடியாது.

அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும். முதலில் சிரிப்பாள், உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது போலச் சிரிப்பாள். அப்புறம் என்னைத் தேடுவாள். நான் அடுப்படிக்குள் இருப்பேன் என்று அந்தப் பக்கம் பார்ப்பாள். நான் அங்கே இருக்கமாட்டேன். அவன் கூட்டாளிகள் நாலு பேர் கேமராவோடு வருவார்கள், எல்லாரும் பட்டம் வாங்கினவர்கள். எடுக்கட்டும். அவன் முகம் செத்துப்போகுமே, அதையும் பாதி இருட்டாக எடுக்கட்டும்.

எங்க வீட்டுக்காரருக்கு அதில் ஒரு அவமானமும் வராது. அவர் என்ன செய்தார், பாவம்.

உங்க பெண்ணா? அதற்கப்புறம் உங்க பெண்ணுக்கு இந்த வீட்டில் என்ன கதி என்றா கேட்கிறீங்க?

கேட்க வேண்டிய கேள்விதான். நான் அதை யோசிக்கவில்லை.

அவள் பி.எட். படித்த பெண் என்றீங்களே, சமாளித்துக்கொள்வாள். நான் பார்த்துக்கொள்கிறேன் அவளை. பொட்டை அழி என்று எவன் சொன்னாலும் கத்தரியால் குத்து என்று சொல்லிக் கொடுப்பேன். நிச்சயத்தோடு போதும் என்று உங்களுக்குத் தோன்றினால் நிச்சயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்க, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்க. எனக்கு அந்த ஒரு கேள்வி போதும். இல்லை அக்கா, உங்களைப் பிடித்து இழுக்கவில்லை, சேலையில் இலை ஒட்டியிருக்கிறது, அதைத்தான் எடுத்தேன்.

நீங்க கேட்காமல் யார் கேட்பார்கள்? நான் நாலு பேர் நடுவில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்...

"ஏளா முப்பிடாதி! வாசல்ல யாரு அது?"

வந்துவிட்டாள். கடையில் இன்றைக்குக் கூட்டம் இல்லை போலிருக்கிறது. வாரேன் அத்தை! வீடு கேட்டு ஒரு அக்கா வந்திருக்காங்க!

பயப்படாதீங்க, உட்கார்ந்தே இருங்க. உங்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள், ஆனால் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள். உள்ளே வாங்க என்பாள். பட்டம் வாங்கின படத்தைக் காட்டுவாள். காப்பி குடிக்காமல் போகக் கூடாது என்பாள். குடிங்க, நான்தான் போடுவேன். நான் டம்ளரை நீட்டும்போது ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சபையில் கேட்பீங்க என்றால் ரெண்டு கையாலும் வாங்குங்க, நான் புரிந்துகொள்கிறேன். கேட்கமாட்டேன் என்றால் ஒற்றைக் கையால் வாங்குங்க. அதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் வராது, உங்களுக்கு உங்க பெண். ஆனால் அக்கா, நீங்க ஒற்றைக் கையால் வாங்கினாலும் சரி, அந்த நிச்சயம் நடக்கட்டும், நடந்தால் போதும். பெரியவர் வேறு பேச்சு உண்டா என்று மூன்றாவது தடவை கேட்கும்போது, நாக்கு ஒட்டினால் ஒட்டட்டும், நானே கூட்டத்துக்கு நடுவில் எந்திரித்து, எல்லார் காதிலும் விழும்படியாக...

"ஏட்டி, கூப்பிடுதது காதுல விழலையா?"

இந்தா வந்துட்டேன் அத்தை, இந்த அக்காவுக்குக் காப்பி போடணும்லா!